தீர்மானிப்பது யார்? அபிவிருத்தி விவாதங்களில் அ. அமிர்தலிங்கம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்திலுள்ள பண்டத்தரிப்புக்கு மேலைநாட்டு மருத்துவம் வந்து சேர்ந்தபோது இலங்கையில் சட்டமியற்றும் மன்றம் எதுவும் இருக்கவில்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1820 இல் இங்கே தங்கி வைத்தியமும் சமய ஊழியமும் செய்யத் தொடங்கினார். சட்டநிரூபண சபை உருவானது 1833 இல். அதன் பிறகும் நூறு ஆண்டுகளுக்கு வலிகாமத்தின் வளர்ச்சிக்கும் அந்தச் சபைக்கும் நெருக்கமான தொடர்பு இருந்தது என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடங்களை மிஷன்களும் சைவ சபைகளும் எழுப்பின. தோட்டக் கிணறுகளைக் கமக்காரர் தாமே வெட்டினார்கள். மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்களின் பணத்தில் கல்வீடுகள் எழுந்தன. அரசு வரி வாங்கியது, வீதி போட்டது, 1905 இல் காங்கேசன்துறையையும் கொழும்பையும் ரயில் பாதையால் இணைத்தது.

1931 க்குப் பின் இந்த நிலை மாறியது. டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையையும் உள்ளூர் அமைச்சர்களையும் கொண்டுவந்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பின் அணைக்கட்டு, குடியேற்றம், தொழிற்சாலை, பல்கலைக்கழகம், இறக்குமதி அனுமதி எல்லாமே அரசின் கைக்குப் போயின. வடலியடைப்பிலோ சில்லாலையிலோ வெங்காயம் நடுகிறவனின் விலையும், அவன் மகளின் பல்கலைக்கழக அனுமதியும் கொழும்பில் தீர்மானமாகும் காலம் வந்தது. ஆகவே அங்கே ஊருக்காகப் பேசப் போகிறவர் என்ன பேசுகிறார் என்பதும் முன்னெப்போதும் இல்லாத முக்கியத்துவம் பெற்றது.

பண்டத்தரிப்புக்கு அருகிலுள்ள பண்ணாகத்தில் 1927 ஓகஸ்ட் 26 இல் பிறந்த அப்பாபிள்ளை அமிர்தலிங்கம் அந்த மன்றத்தில் 1956 முதல் 1970 வரையும், 1977 முதல் 1983 வரையும் இருந்தார். கடைசியாக 1989 இல் சில மாதங்கள் மட்டும் இருந்தார். அவரை மொழிப் போராட்டத்தோடும் தமிழீழக் கோரிக்கையோடும் இணைத்தே பேசிப் பழகிவிட்டோம். தேசிய அபிவிருத்தி பற்றிய விவாதங்களில் அவருடைய பங்கு தனியே ஆராயப்படவேண்டியது. அந்த விவாதங்களில் அவரும் அவர் கட்சியும் திரும்பத் திரும்ப எழுப்பிய கேள்வி ஒன்றுதான்: எதைக் கட்டுவது என்பதற்கு முன், அதைத் தீர்மானிப்பது யார்?

அமைச்சர் வழி

இந்தக் கேள்வி தோன்றியதற்கு ஒரு முன்கதை உண்டு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 இல் டி. எஸ். சேனநாயக்கவின் அரசில் சேர்ந்து கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில் அமைச்சரானார். 1953 வரை அப்பதவியில் இருந்தார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கியது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் வாழைச்சேனைக் காகித ஆலையும் அவருடைய அமைச்சுக் காலத்தின் பேறுகளாக இன்றும் பேசப்படுகின்றன. வலிகாமத்தின் சுண்ணக்கல் சீமெந்தாயிற்று. ஆனையிறவின் உப்பு பரந்தனில் கோஸ்டிக் சோடாவாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் அரசு பெருந்தொழில் தொடங்கியது அந்தச் சில ஆண்டுகளில்தான் என்பதை மறுக்க இயலாது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த பொன்னம்பலம், அரசில் சேர்ந்தபின் 1949 ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்துக்கு ஆதரவளித்தார். அவரோடு முரண்பட்டு வெளியேறிய எஸ். ஜே. வி. செல்வநாயகமும் தோழர்களும் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினார்கள். அமைச்சர் பதவியால் ஊருக்குத் தொழிற்சாலை வரலாம். அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு அவருடைய வாயைக் கட்டிவிடும் என்பது அவர்கள் கற்ற பாடம். பல்கலைக்கழகப் பட்டமும் அத்துவக்காத்துத் தொழிலும் கையிலிருந்த இளைஞர் அமிர்தலிங்கம் இந்தப் பக்கம் நின்றார். 1952 இல் வட்டுக்கோட்டையில் தோற்றார். 1956 இல் அதே தொகுதியில் வென்றார்.

1957 இன் பட்டியல்

அவர் நாடாளுமன்றம் போன சில வாரங்களில் சிங்களம் மட்டும் சட்டமூலம் வந்தது. 1956 ஜூன் 5 ஆம் திகதி காலிமுகத்திடல் சத்தியாக்கிரகத்தில் அடிபட்டு, தலையில் கட்டோடு சபைக்குள் நுழைந்தவர் அவர். மொழிச் சட்டத்தை உணர்வுப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள் அன்றைய யாழ்ப்பாணப் பொருளாதாரத்தை மறந்துவிடுகிறார்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறும், சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் நீரும், சிறு துண்டு நிலங்களும்தான் முதல். அந்த முதலுக்கு மேல் குடும்பங்களைத் தாங்கியது அரசாங்க உத்தியோகம். ஆட்சி மொழி மாறியபோது வலிகாமத்தின் மிகப் பெரிய வருமான வழியில் கை வைக்கப்பட்டது. அந்த வகையில் 1956 இன் மொழி விவாதம் ஒரு பொருளாதார விவாதமும்கூட.

அடுத்த ஆண்டு, 1957 ஜூலை 26 இல், பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. தமிழரசுக் கட்சித் தரப்பில் பேச்சுவார்த்தைகளில் கலந்துகொண்டவர்களில் அமிர்தலிங்கமும் ஒருவர். அந்த ஒப்பந்தத்தைப் படிப்பவர்கள் பிராந்திய சபை என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். சபைகளுக்குக் கொடுக்க உடன்பட்ட துறைகளைப் பார்க்க வேண்டும்: விவசாயம், கூட்டுறவு, காணியும் காணி அபிவிருத்தியும், குடியேற்றம், கல்வி, சுகாதாரம், கைத்தொழில், மீன்பிடி, வீடமைப்பு, சமூக சேவை, மின்சாரம், நீர்த்திட்டங்கள், வீதிகள். ஓர் அபிவிருத்தி அமைச்சின் வேலைத்திட்டம் இப்படித்தான் இருக்கும். கொடியும் எல்லையும் பற்றிய பேச்சு அதில் இல்லை. கிணற்றடி முதல் கடற்கரை வரை அன்றாடத்தைத் தொடும் முடிவுகளை அங்கேயே எடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1958 ஏப்ரல் 9 இல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. பட்டியல் மட்டும் சாகவில்லை. பின்வந்த முப்பது ஆண்டுகளில் வெவ்வேறு பெயர்களில் அது திரும்பத் திரும்ப மேசைக்கு வந்தது.

காணியும் நீரும்

அந்தப் பட்டியலில் மிகக் கடுமையான சர்ச்சைக்கு உள்ளானது குடியேற்றம். 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அல்லை, கந்தளாய், பதவியா எனத் திட்டங்கள் தொடர்ந்தன. தெற்கிலும் மலைநாட்டிலும் காணியற்ற விவசாயிகள் நிறைந்திருந்தார்கள் என்பதும், உலர்வலயத்தின் பழைய குளங்களைப் புதுப்பிப்பது நாட்டின் உணவுக்கு அவசியமாக இருந்தது என்பதும் உண்மை. டி. எஸ். சேனநாயக்கவின் கனவை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கினால் அந்த விவாதம் புரியாது.

தமிழரசுக் கட்சியினர் நீர்ப்பாசனத்தை எதிர்க்கவில்லை. அரச செலவில் ஒரு மாவட்டத்தின் குடித்தொகை விகிதமே மாறுகிறது, அங்கே வாழ்பவர்களைக் கேட்காமல் மாறுகிறது என்பதே அவர்களுடைய முறைப்பாடு. திருகோணமலை மாவட்டத்தில் 1946 இல் சிங்களவர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். 1981 இல் மூன்றில் ஒரு பங்கினர். இந்த மாற்றம் அரசாங்கத்தின் சொந்தக் குடிசன மதிப்பீடுகளிலேயே பதிவாகியிருக்கிறது. 1965 மார்ச் 24 இன் டட்லி செல்வநாயகம் உடன்பாட்டில் இதற்கு ஒரு வரிசை எழுதப்பட்டது. வடக்குக் கிழக்கில் காணி வழங்கும்போது முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோர், அடுத்து அம்மாகாணங்களின் தமிழ் பேசும் மக்கள், அதன் பின்னரே ஏனையோர், அவர்களிலும் தீவின் பிற பகுதித் தமிழ்க் குடிமக்களுக்கு முன்னுரிமை. தமிழரசுக் கட்சி தேசிய அரசாங்கத்தை ஆதரித்த அக்காலத்தில் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தார். மாவட்ட சபைகளுக்கான வெள்ளை அறிக்கை 1968 இல் வெளியாகி, எதிர்ப்பின் முன் மடங்கிப்போனது. அவ்வாண்டே திருச்செல்வம் பதவி விலகினார். அமைச்சர் வழி இரண்டாம் முறையும் பாதியில் நின்றது.

வட்டுக்கோட்டை எழுதிய இரண்டு தீர்ப்புகள்

1970 தேர்தலில் அமிர்தலிங்கம் சில நூறு வாக்குகளால் வட்டுக்கோட்டையை இழந்தார். வென்றவர் காரைநகர் இந்துக் கல்லூரியின் முன்னாள் அதிபர், தமிழ்க் காங்கிரஸின் ஆ. தியாகராசா. அவர் விரைவிலேயே சிறிமாவோ அரசின் பக்கம் சாய்ந்து 1972 குடியரசு அரசியலமைப்பை ஆதரித்தார். அரசோடு நின்றால் தொகுதிக்கு ஏதாவது செய்யலாம் என்ற பழைய வாதம் மீண்டும் சோதனைக்கு வந்தது.

சோதனைக்கு ஏற்ற காலமும் அது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. குடாநாட்டின் செம்மண் தோட்டங்களுக்கு அதுபோல ஒரு விலை முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை. நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின. படித்த இளைஞர்கள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற இடங்களில் இளைஞர் குடியேற்றங்கள் எழுந்தன. அதே அரசுதான் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரின் வாய்ப்பைக் குறைத்த தரப்படுத்தலையும் கொண்டுவந்தது. 1972 அரசியலமைப்பில் சோல்பரி யாப்பின் சிறுபான்மைப் பாதுகாப்புப் பிரிவும் காணாமற்போயிற்று.

ஒரு கையில் வெங்காயத்தின் விலை, மறு கையில் பிள்ளையின் அனுமதிக் கடிதம். 1977 இல் வட்டுக்கோட்டை இரண்டையும் நிறுத்துப் பார்த்தது. தமிழரசுக் கட்சியை முதன்மையாகக் கொண்டு அமைந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் தா. திருநாவுக்கரசு பெரும் வெற்றி பெற்றார். காங்கேசன்துறையில் அமிர்தலிங்கம் வென்றார். நல்ல விலை கொடுத்த அரசுக்கு யாழ்ப்பாணத்து விவசாயி நன்றி காட்டவில்லை என்று அன்று சிலர் குறைப்பட்டார்கள். அந்த விலையும் அவனைக் கேட்டு வந்ததல்ல. டொலர் தட்டுப்பாட்டின் உபவிளைவாக வந்தது, அடுத்த அரசு வந்ததும் போய்விட்டது. கேட்காமல் கொடுத்ததைக் கேட்காமலே எடுத்துவிடலாம். அமிர்தலிங்கத்தின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று நாடாளுமன்றத்துக்குள் கிடைத்திருக்காது.

எதிர்க்கட்சித் தலைவர்

1977 ஜூலைத் தேர்தலில் 168 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140 கிடைத்தன. கூட்டணிக்கு 18, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு வெறும் 8. தனிநாடு கேட்டு மக்களாணை பெற்ற கட்சியின் தலைவர் முழு நாட்டுக்கும் எதிர்க்கட்சித் தலைவரானார். தெற்கின் தொழிலாளி, கூப்பன் அரிசியை நம்பியிருந்த குடும்பம், 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் வேலையிழந்த பல்லாயிரம் பேர் ஆகியோருக்காகவும் பேசவேண்டிய நாற்காலி அது. உலக நாடாளுமன்ற வரலாற்றில் இதற்கு ஒப்பிடக்கூடியவற்றில் ஒன்று அயர்லாந்துத் தன்னாட்சி கேட்டு வெஸ்ட்மின்ஸ்டரில் அமர்ந்திருந்த சார்ல்ஸ் பார்னலின் கட்சி. பார்னலுக்கு அந்த மன்றத்தின் இரு பெருங்கட்சிகளுக்கிடையே தராசைச் சாய்க்கும் பலம் இருந்தது. ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களை வைத்திருந்த அரசின் முன் அமிர்தலிங்கத்திடம் சொல்லைத் தவிர வேறு பலம் இல்லை.

அக்காலத்தின் பெரும் அபிவிருத்தித் திட்டங்கள் மூன்றும் அவருடைய பழைய கேள்வியை மீண்டும் எழுப்பின.

முதலாவது திறந்த பொருளாதாரம். 1977 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தோடு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்து குவிந்தபோது குடாநாட்டின் விலை விழுந்தது. வடக்கு விவசாயியின் நட்டம் தமிழ்ப் பிரதிநிதிகளின் நிரந்தரக் குறைகளில் ஒன்றாயிற்று.

இரண்டாவது துரித மகாவலித் திட்டம். ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் உதவியோடு 1968 இல் வரையப்பட்ட மூலத் திட்டம் முப்பது ஆண்டுகளுக்கானது; வடமத்திய கால்வாய் வழியாக வடக்கு நோக்கியும் நீரை அனுப்பும் யோசனை அதில் இருந்தது. ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு அதை ஆறு ஆண்டுகளாகச் சுருக்கியது. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல, மாதுறு ஓயா அணைகள் எழுந்தன. வடக்குக் கால்வாய் ஒத்திவைக்கப்பட்டது. 1988 இல் மணலாற்றுப் பகுதி மகாவலி ‘எல்’ வலயமாக அறிவிக்கப்பட்டது. மகாவலி அதிகாரசபை அங்கே வந்தது, குடியேற்றமும் வந்தது. மகாவலி நீர் வரவில்லை. குடியேற்ற விவாதங்களில் தமிழ் உறுப்பினர்கள் முப்பது ஆண்டுகளாகத் தெரிவித்த அச்சத்தை இதைவிட அப்பட்டமாக உறுதிசெய்த திட்டம் வேறில்லை.

மூன்றாவது, 1980 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்க மாவட்ட அபிவிருத்திச் சபைகள் சட்டம். கூட்டணி இதை ஏற்றுக்கொண்டது. அமிர்தலிங்கத்தின் அரசியல் வாழ்வில் மிகப் பெரிய பணயம் இதுதான். மாவட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த சபை; ஆனால் அதன் மேல் சனாதிபதி நியமிக்கும் மாவட்ட அமைச்சர். யாழ்ப்பாணத்துக்கு அமைச்சரானவர் தெற்கைச் சேர்ந்த ஆளுங்கட்சி உறுப்பினர். இளைஞர் இயக்கங்கள் இதைக் காட்டிக்கொடுப்பு என்றன. கட்சிக்குள்ளேயே எதிர்த்தவர்கள் பிரிந்து 1982 இல் தமிழீழ விடுதலை முன்னணியை அமைத்தார்கள். 1981 மே மாதத்தில், ஐக்கிய தேசியக் கட்சியின் முதன்மை வேட்பாளராக நின்ற தியாகராசா சுட்டுக்கொல்லப்பட்டார். மே 31 நள்ளிரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஜூன் 4 இல் நடந்த தேர்தலில் யாழ் மாவட்டத்தின் பத்து ஆசனங்களையும் கூட்டணி வென்றது. ஜூலையில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எதிர்க்கட்சித் தலைவர் மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் அரசைத் தட்டிக்கேட்கும் கருவி. இங்கே அரசே அதை எடுத்துத் தட்டிக்கேட்பவரை அடித்தது. போதிய நிதியும் அதிகாரமும் இன்றி யாழ்ப்பாணச் சபை செயலிழந்துபோயிற்று.

அவர் இல்லாத சபையில் அவருடைய பட்டியல்

1983 ஓகஸ்டில் நிறைவேறிய ஆறாம் திருத்தம் பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கேட்டது. கூட்டணி உறுப்பினர்கள் மறுத்தார்கள். தொடர்ந்து சபைக்குச் செல்லாததால் ஆசனங்களை இழந்தார்கள். இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1987 நவம்பரில் பதின்மூன்றாம் திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் விவாதத்துக்கு வந்தபோது, வடக்குக் கிழக்கின் முதன்மைக் கட்சி அந்த மன்றத்தில் இல்லை. விவசாயம், கூட்டுறவு, வீடமைப்பு, வீதிகள், காணி என 1957 இன் பட்டியல் பெரும்பாலும் சட்டமானது. ஆனால் அரச காணி மத்திய அரசிடமே தங்கியது. மாகாணங்களுக்கிடையிலான நீர்ப்பாசனத் திட்டங்களும் மத்திக்கே உரியவையாயின. இக்குறைகளைச் சட்டமூலங்களிலேயே கண்ட அமிர்தலிங்கம், மு. சிவசிதம்பரம், இரா. சம்பந்தன் மூவரும் 1987 ஒக்டோபர் 28 இல் ராஜீவ் காந்திக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பது ஆண்டுகள் கேட்டதைப் பற்றிச் சபையில் திருத்தம் முன்மொழிய வேண்டியவர் வெளிநாட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. 1989 இல் தேசியப் பட்டியல் மூலம் சபைக்குத் திரும்பிய அவர், ஜூலை 13 இல் கொழும்பில் விடுதலைப் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

குறைகளும் கணக்கில் வரவேண்டும்

அவருடைய கேள்வி சரியானது என்பதால் அவர் அதை எல்லாப் பக்கமும் கேட்டார் என்று ஆகாது. 1960 களின் பிற்பகுதியில் வலிகாமத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆலயப் பிரவேசத்துக்கும் தேநீர்க்கடைச் சமத்துவத்துக்கும் போராடினார்கள். பண்டத்தரிப்புக்குப் பக்கத்துச் சங்கானை அதன் களங்களில் ஒன்று. சங்கானை ஷங்காயாகிறது, அதாவது இது சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகளின் வேலை, என்ற பொருளில் அமிர்தலிங்கம் சபையில் பேசியதை இடதுசாரிகள் நீண்டகாலம் எடுத்துக்காட்டி வந்தார்கள். மாவட்டத்தின் காணி மாவட்டத்தின் காணியற்றோருக்கு என்று கேட்ட கட்சி, யாழ்ப்பாணத்துக்குள் யாரிடம் காணி இருக்கிறது, யாரிடம் இல்லை என்ற கணக்கை அதே வேகத்தோடு கேட்கவில்லை.

தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையில்தான் அமையவேண்டும் என்ற கொள்கையால், 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டதைத் தமிழரசுக் கட்சி எதிர்த்தது. இன்று வடக்கின் மிகப் பெரிய அறிவு நிறுவனம் அந்த வளாகத்திலிருந்து வளர்ந்ததுதான். கொள்கைக்காகக் கிடைப்பதை மறுப்பதற்கும் ஒரு விலை உண்டு. பொன்னம்பலம் கொடுத்தது ஒரு வகை விலை என்றால் தமிழரசுக் கட்சி கொடுத்தது மற்றொரு வகை.

வடக்கு என்பது ஒரே நலன் கொண்ட ஒரே ஊரும் அல்ல. ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் நிதி ஒதுக்கிய குடிநீர்த் திட்டத்தின்படி இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நீர் கொண்டுவர இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலுக்கே போதாது என்று எதிர்த்தார்கள். பின்னர் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. இங்கே கொழும்பு ஒரு பக்கமும் தமிழர் மறுபக்கமும் இருக்கவில்லை. இரண்டு பக்கமும் தமிழ் விவசாயிகளும் தமிழ்க் குடிமக்களும். தீர்மானிப்பது யார் என்ற கேள்வி மாகாண எல்லைக்குள் வந்தபோது அதற்கு விடை சொல்லத் தமிழ் அரசியலிடம் முறை எதுவும் தயாராக இல்லை. வட மாகாண சபை 2013 இல் அமைந்து 2018 இல் காலாவதியானது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை.

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பங்களிப்பை அவர் கொண்டுவந்த வீதிகளாலும் கட்டடங்களாலும் எண்ணுவது நம் ஊர்களில் பழக்கம். அந்த எண்ணிக்கையில் பொன்னம்பலம் முன்னுக்கு நிற்பார், அமிர்தலிங்கம் பின்தங்குவார். அவர் சேர்ந்து முன்வைத்த ஒரு கோரிக்கைப் பட்டியல் முப்பது ஆண்டுகளில் அரசியலமைப்பின் ஒரு பகுதியாயிற்று என்பதை எண்ணினால் கணக்கு மாறும். அந்தப் பட்டியல் முழுமையாக நடைமுறைக்கு வராததற்குக் கொழும்பு அரசுகளே முதற் பொறுப்பாளிகள். அதை உள்ளூரின் காணியற்றவர் வரை நீட்டாமல் விட்டது தமிழ்த் தலைமையின் பொறுப்பு.

வலிகாமத்தில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் எத்தனை மில்லியன் ஒதுக்கீடு வாங்கித் தருவாய் என்று மட்டும் கேட்காதீர்கள். நிலத்தடி நீர், காணி, விளைபொருள் விலை ஆகிய மூன்றையும் பற்றிச் சபையில் என்ன பேசியிருக்கிறாய், எந்தச் சட்டமூலத்துக்கு எப்படி வாக்களித்தாய் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை நாடாளுமன்றப் பதிவான ஹன்சாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது எவரும் படிக்கக்கூடிய பொது ஆவணம்.